மீனாவின் இரத்தமும் கணக்கில் வராத நாற்பத்தெட்டும்

1

வருகிற செவ்வாயோடு நான் அமெரிக்கா வந்து ஆறு வருடம் முடிகிறது. நடுவில் வந்த லீப் வருடத்தின் ஒரு நாளையும் சேர்த்தால் 2,191 நாள். தேனியிலிருந்து கடிதம் போடுகிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "அங்கன என்னதான் செய்றீக?" என்ன செய்கிறேன்? என் அறையிலிருந்து சமையலறைக்கு மாடிப்படி பதினாறு. வாசலிலிருந்து தபால் பெட்டிக்கு நாற்பத்திரண்டு எட்டு. பேத்தியின் பள்ளி பஸ் 7.40க்கு, இந்த வருடம் இதுவரை மூன்று நாள்தான் தாமதம். இதையே ஆறு வருடமாக எழுதிக்கொண்டிருக்கிறேன், நீங்களும் சலிக்காமல் படிக்கிறீர்கள்.

இந்த முறை எழுதுவதற்கு வேறு விஷயம் இருக்கிறது. அதில் என் தவறும் இருக்கிறது. மறைக்காமல் எழுதுகிறேன்.

செப்டம்பரில் மீனாவின் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. மீனா என் மகன் பாலுவின் ஒரே பெண். பத்து வயது. இங்கேயே பிறந்தவள். பள்ளி நர்ஸ் எல்லாப் பிள்ளைகளையும் தராசில் நிறுத்திப் பார்த்திருக்கிறாள். மீனா 132 பவுண்டு. நம் கணக்கில் அறுபது கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. உயரத்துக்கு இந்த எடை அதிகம், டாக்டரிடம் காட்டவும் என்று எழுதியிருந்தது.

மருமகள் வசந்தி போடிக்காரி. கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு மேஜையில் வீசினாள்.

"பிள்ளைய ஏலக்கா மூட்டை மாதிரி எடை போட்டுருக்காக. சீட்டு ஒண்ணு தைக்காததுதான் பாக்கி."

"டாக்டர்ட்ட காட்டுறதுல என்ன நட்டம்?" என்றான் பாலு.

"உங்களுக்கென்ன, சொல்லிட்டுப் போயிருவீக. அவ முகத்தைப் பாத்தீகளா?"

 நம் பக்கத்தில் குண்டுப் பிள்ளையைப் பார்த்தால் கன்னத்தைக் கிள்ளி, "வீடு நல்லா இருக்கு" என்றுதான் சொல்வோம். என் தம்பி சீனி அப்படி வளர்ந்தவன். அல்லிநகரத்தில் எங்கள் தெருவுக்கு வந்த உறவுக்காரர்கள் முதலில் அவனைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் தண்ணீரே கேட்பார்கள்.

2

டாக்டர் ஒரு அம்மாள். என்னைவிட ஒரு சாண் உயரம். வேகமாகப் பேசுகிறவர். எனக்குப் பத்து வார்த்தையில் ஆறு பிடிபட்டது. மீதி நான்கை நிறுத்தி நிறுத்திக் கேட்டேன். பாலு என் முழங்கையை இடித்துக்கொண்டே இருந்தான்.

"பத்து வயசுப் பிள்ளைக்கு மாரடைப்பு வருமா?" என்று கேட்டேன்.

இப்போது வராது என்றார். ஆனால் இரத்தக் குழாயின் உட்சுவரில் கொழுப்பு படியத் தொடங்குவது சின்ன வயதிலேயே. நாற்பதிலோ ஐம்பதிலோதான் அது தன்னைக் காட்டும். எடை கூடிய பிள்ளைகளுக்கு அந்தத் தொடக்கம் முந்திக்கொள்ள வாய்ப்பு அதிகம். எல்லாருக்கும் அல்ல. ஒல்லியான பிள்ளைக்கும் வரலாம். பார்த்துத் தெரியாது, இரத்தத்தைச் சோதித்தால்தான் தெரியும் என்றார்.

கொலஸ்ட்ரால் என்று ஒரே சரக்கு இருப்பதாகத்தான் நான் நினைத்திருந்தேன். அப்படி இல்லையாம். கொழுப்பு தண்ணீரில் கரையாதில்லையா? இரத்தத்தில் பெரும்பகுதி தண்ணீர். அதனால் கொழுப்பைச் சிறு சிறு பொட்டலமாகக் கட்டித்தான் உடம்பு அனுப்புகிறது. அடர்த்தி குறைந்த பொட்டலம் கொழுப்பைக் கொண்டுபோய்க் குழாய்ச் சுவரில் சேர்க்கிறது. அது கெட்டது. அடர்த்தி கூடிய பொட்டலம் மிஞ்சிய கொழுப்பைப் பொறுக்கிக்கொண்டு ஈரலுக்குத் திரும்புகிறது. அது நல்லது. டிரைகிளிசரைடு என்று இன்னொரு கொழுப்பும் இரத்தத்தில் ஓடுகிறது. அதிகம் சாப்பிட்டு அசையாமல் உட்கார்ந்திருந்தால் அது ஏறும்.

பாலுவுக்கு இது குழப்பமாக இருந்தது. எனக்கு உடனே விளங்கிவிட்டது. போடியில் ஏலக்காய்க் கடையில் இருபத்தேழு வருடம் தரம் பார்த்தவன் நான். காய் எல்லாம் பச்சையாகத்தான் இருக்கும், கண்ணை நம்ப முடியாது. ஒரு லிட்டர் படியில் கொட்டி, தலை தட்டி, நிறுத்துப் பார்ப்போம். அதே படி, அதே காய். ஒன்று நானூறு கிராமுக்கு மேல் நிற்கும், இன்னொன்று முந்நூற்றைம்பதில் ஆடும். கனத்தது உள்ளே விதை நிறைந்தது. லேசானது வெறும் தொலி. இதை டாக்டரிடம் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். "இனி நானும் இப்படியே சொல்கிறேன்" என்றார். அன்று முழுக்க எனக்கு மனசு குளிர்ந்திருந்தது.

ஒன்றை மட்டும் சொல்லாமல் விட்டேன். குடும்பத்தில் யாருக்காவது இளவயதில் இருதய நோய் உண்டா என்று, நிரப்பித் தரச் சொன்ன பாரத்தில் கேட்டிருந்தது. பாலு இல்லை என்று எழுதினான். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து அவன் எழுதுவதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

3

சீனி இறந்தது இருபது வருடத்துக்கு முன்பு, 1966இல். வயது நாற்பத்தொன்று. தேனி பஜாரில் பருப்பு மண்டி வைத்திருந்தான். மூட்டை அடுக்கும் மேல்தளக் கிட்டங்கிக்கு இருபத்திரண்டு படி. பாதியில் உட்கார்ந்து, "அண்ணே, நெஞ்சை அடைக்குது" என்றான். யாரோ சோடா உடைத்தார்கள். யாரோ ஓமத்திரவம் வாங்க ஓடினார்கள். டாக்டர் வருவதற்குள் முடிந்துவிட்டது. அவர் தெளிவாகச் சொன்னார், இருதயம் நின்றுவிட்டது என்று.

சீனிக்கு இரண்டு பெண்கள். அன்று சாயங்காலம் எங்கள் மாமா என்னைத் தனியாக அழைத்தார்.

"மாப்ள, இருதய வியாதின்னு வெளிய போச்சுன்னா நாளைக்கு இந்தப் பிள்ளைகளுக்கு எவன் பொண்ணு கேட்டு வருவான்? வாயு அடைச்சுப் போயிட்டான்னு சொல்லுவோம். நீதான் படிச்சவன். நீயே எழுதிப் போட்டுரு."

கம்பம், சுருளிப்பட்டி, மதுரை என்று உறவுக்காரர்களுக்கு முப்பத்தொரு கடிதம் எழுதினேன். முப்பத்தொன்றிலும் வாயு. பாலுவுக்கு அப்போது பன்னிரண்டு வயது. அவனுக்கும் அதையே சொன்னேன். பெண்கள் இரண்டு பேருக்கும் நல்ல இடத்தில் கல்யாணம் ஆகிவிட்டது. அதற்குப் பிறகாவது மாற்றிச் சொல்லியிருக்கலாம். திரும்பத் திரும்பச் சொன்னதில் எனக்கே அது உண்மை போல ஆகிவிட்டது.

4

இரத்தம் எடுக்க ஒரு சனிக்கிழமை நாள் கொடுத்தார்கள். காலை ஒன்பது மணி. முந்தின இரவு சாப்பாட்டுக்குப் பிறகு தண்ணீர் தவிர வேறு எதுவும் கூடாது. பன்னிரண்டு மணி நேரம் விரதம்.

நாள்காட்டியைப் பார்த்தேன். புரட்டாசி மூன்றாம் சனி. எனக்கும் விரதம். பெருமாளே பார்த்துக் குறித்த நாள் என்று சந்தோஷப்பட்டேன்.

பாலு மகளிடம் ஒரு ஒப்பந்தம் போட்டிருந்தான். இரத்தச் சோதனை முடிவு நன்றாக வந்தால் புதன்கிழமை நீச்சல் வகுப்புக்குப் போக வேண்டாம். அந்த வகுப்பு வசந்தியின் ஏற்பாடு. அங்கே இரண்டு பெண்கள் மீனா தண்ணீரில் இறங்கும்போதெல்லாம் சுவரைப் பிடித்துக்கொண்டு, அலை வருகிறது என்று கத்துவார்களாம். இதை அவள் என்னிடம் மட்டும்தான் சொன்னாள். அதைத் தமிழில் சொல்ல அவளுக்கு வார்த்தை போதவில்லை. சுவரைப் பிடித்து நடித்துக் காட்டினாள்.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு நான் குளித்துவிட்டு இறங்கினால், சமையலறையில் மீனா. பாலுவும் வசந்தியும் எழுந்திருக்கவில்லை.

"தாத்தா, பசிக்குது. ஸ்டமக் சத்தம் போடுது."

"பால் பழம் சாப்பிடுறியா ஆத்தா?"

"வாட்டர் மட்டும்தான் சொன்னாங்க."

"அது சோத்துக்குச் சொல்றது. பாலும் பழமும் அவலும் சாப்பிட்டா விரதம் கெடாது. அறுபது வருசமா நான் அப்படித்தான இருக்கேன்."

"டாக்டருக்குத் தெரியுமா?"

"பெருமாளுக்கே தெரியும்."

சிரித்துக்கொண்டே உட்கார்ந்தாள். அவலை நெய்யில் புரட்டி, கொதித்த பாலை ஊற்றி, வெல்லம் போட்டேன். நெய் மூன்று கரண்டி. பெரிய டம்ளரில் பால் ஒன்று. வாழைப்பழம் இரண்டு. நானும் அவளும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம். நம் வீடுகளில் புரட்டாசிச் சனியன்று யாரும் பச்சைத் தண்ணீரோடு இருந்து நான் பார்த்ததில்லை. சோறு இறங்கவில்லை என்றால் விரதம்தான். அந்த அம்மாளின் விரதமும் அதே விரதம் என்று நான் எடுத்துக்கொண்டேன். ஒரு நொடிகூடச் சந்தேகம் வரவில்லை.

ஒன்பது மணிக்கு ஊசி போடும்போது, "எதுவும் சாப்பிடலையே?" என்று நர்ஸ் கேட்டாள். "ராத்திரியில இருந்து விரதம்" என்றாள் வசந்தி. அவளுக்குத் தெரியாது. மீனா என்னைப் பார்த்தாள். நான் ஆமென்று தலையை ஆட்டினேன்.

5

வியாழக்கிழமை முடிவு வந்தது. மொத்தம் 212. நல்லது 36. கெட்டது 128. டிரைகிளிசரைடு 240.

கெட்டது 130ஐத் தாண்டினால்தான் உடனே கவனிக்க வேண்டும், கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்கிறது என்றார் டாக்டர். நல்லது குறைவு, டிரைகிளிசரைடு கூடுதல். இனிப்பைக் குறையுங்கள், ஒரு வருடம் கழித்து மறுபடி பார்ப்போம். வீட்டில் ஒரே கொண்டாட்டம். வசந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மீனா நீச்சல் உடையைச் சுருட்டி அலமாரியின் மேல்தட்டில் எறிந்தாள்.

நான் அந்தத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நல்லது 36, கெட்டது 128. கூட்டினால் 164. மொத்தம் 212 என்று போட்டிருக்கிறான். மீதி நாற்பத்தெட்டு எங்கே?

"அதெல்லாம் மெஷின் போடுறதுப்பா. விடுங்க" என்றான் பாலு.

"மெஷின் போட்டாலும் கூட்டல் கூட்டல்தானப்பா."

நான்கு நாள் அந்த நாற்பத்தெட்டு என்னை விடவில்லை. நல்லதும் இல்லாமல் கெட்டதும் இல்லாமல் மூன்றாவதாக ஏதோ ஒன்று பிள்ளையின் இரத்தத்தில் ஓடுகிறது, அதற்கு இந்தத் தாளில் ஒரு வரிகூட இல்லை. திங்கட்கிழமை கோட்டை மாட்டிக்கொண்டு நடந்தே போனேன். வீட்டிலிருந்து 1,940 எட்டு. சோதனைக்கூட ஜன்னலில் என் வயதை ஒட்டிய ஒரு அம்மாள் இருந்தார்.

"உங்களுக்கு என்ன வேண்டும்?"

"நாற்பத்தெட்டு வேண்டும்" என்றேன்.

தாளைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். இருபது வருடத்தில் இதைக் கூட்டிப் பார்த்துவிட்டு வந்த முதல் ஆள் நான்தானாம். ஒரு துண்டுத் தாளில் எழுதிக் காட்டினார். ரொம்ப லேசான மூன்றாவது பொட்டலம் ஒன்று உண்டு. டிரைகிளிசரைடைச் சுமப்பது அதுதான். அதைத் தனியாக அளப்பதில்லை. டிரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்கிறார்கள். 240இல் ஐந்தில் ஒரு பங்கு நாற்பத்தெட்டு!

எனக்கு உண்டான திருப்தியை எப்படி எழுதுவேன். கணக்கு நேராகிவிட்டது. போகத் திரும்பியவன், சும்மா தெரிந்துகொள்வதற்காக இன்னொன்று கேட்டேன்.

"அப்படியானால் கெட்டதை எப்படி அளக்கிறீர்கள்?"

"அதையும் அளப்பதில்லை. மொத்தத்தில் நல்லதைக் கழித்து, இந்த ஐந்தில் ஒரு பங்கையும் கழித்தால் மிஞ்சுவது கெட்டது."

"டிரைகிளிசரைடு கூடினால் கெட்டது குறையுமா?"

"தாளில் குறையும். உடம்பில் குறையாது. காலையில் எதையாவது சாப்பிட்டுவிட்டு வந்தால் டிரைகிளிசரைடு எக்கச்சக்கமாக ஏறிவிடும். கணக்கு பொய்யாகிவிடும். விரதம் கேட்பதே அதற்குத்தான்."

 பால் குடித்தால் சேருமா என்று கேட்டேன். பால், பழம், நெய், இனிப்பு எல்லாமே சேரும் என்றார்.

திரும்பி வரும்போது எட்டுகளை எண்ணவில்லை. 128க்கும் 130க்கும் இடையில் இரண்டுதான். அந்த இரண்டையும் என் நெய்தான் உண்டாக்கியிருக்கிறது.

6

சொல்லாமல் இருந்துவிடலாமா என்று யோசித்தேன். ஒரு வருடம் கழித்து எப்படியும் மறுபடி பார்க்கத்தானே போகிறார்கள். மீனாவும் அந்த நீச்சல் குளத்துக்குப் போக வேண்டியதில்லை. மருமகள் முகத்திலும் முழிக்கலாம். முப்பத்தொரு கடிதம் எழுதியவனுக்கு இது பெரிய காரியமா? ஆனால் அந்தப் பொய்யைச் சொல்லும்போது சீனி ஏற்கெனவே போய்விட்டான். இது உயிரோடு இருக்கிற பிள்ளை.

அன்று சாயங்காலம் மூன்று பேரையும் உட்காரவைத்துச் சொன்னேன். அவலைச் சொன்னேன், நெய்யைச் சொன்னேன், ஐந்தில் ஒரு பங்கைத் தாளில் போட்டுக் காட்டினேன்.

வசந்திதான் முதலில் பேசினாள். "என்ன மாமா சொல்றீக? ஊசி போடுற இடத்துல நான் விரதம்னு சொன்னேன். நீங்க பக்கத்துல நின்னு தலைய ஆட்டுனீக."

"விரதம்தான்னு நெனச்சேன்மா."

"நெய்ய ஊத்திக் குடுத்துட்டு விரதமா? உங்க பெருமாள்ட்ட இரத்தம் எடுக்கவா கூட்டிட்டுப் போனோம்?"

"விடு வசந்தி" என்றான் பாலு. "தெரியாம செஞ்சது. மறுபடி எடுத்தாப் போச்சு."

"இன்னொண்ணு இருக்குப்பா" என்றேன். "பாரத்துல நீ இல்லைன்னு எழுதுனது தப்பு. உங்க சித்தப்பா வாயுல போகல."

அவன் நிமிர்ந்து பார்த்தான். சொல்லி முடிக்க எனக்குப் பத்து நிமிஷமாவது ஆகியிருக்கும். 

"எனக்கு இப்ப முப்பத்திரண்டுப்பா" என்றான். "சித்தப்பாவுக்கு நாற்பத்தொண்ணு. என்னைக்குச் சொல்றதா இருந்தீக?"

நான் கணக்குப் போட்ட தாளை மடித்து வைத்தேன்.

மீனா இதில் பாதியைத்தான் புரிந்துகொண்டிருப்பாள். ஆனால் அவளுக்கு வேண்டியது புரிந்துவிட்டது. "ஸோ ஐ ஹேவ் டு கோ பேக்?" என்று, மறுபடி நீச்சல்தானா என்பதுபோல் தகப்பனிடம் கேட்டாள். பிறகு என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னாள், "நீங்கதான் சாப்பிடச் சொன்னீங்க. நீங்களே காட்டிக் குடுத்துட்டீங்க." எழுந்து மாடிக்குப் போய்விட்டாள்.

7

இரண்டாவது தடவை வெறும் தண்ணீரோடு இரத்தம் கொடுத்தாள். அன்று காலை வசந்தி ஐந்து மணிக்கே சமையலறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள். மொத்தம் 210. நல்லது அதே 36. டிரைகிளிசரைடு 130. ஐந்தில் ஒரு பங்கு 26. மிச்சம் 148.

டாக்டரிடம் நானே எல்லாவற்றையும் சொன்னேன். பாரத்தில் இல்லை என்ற இடத்தை அடித்து, பாலு தன் கையாலேயே எழுதினான்: சித்தப்பா, 41. அவர் கோபப்படவில்லை. வீட்டில் இப்படி ஒரு சாவு உண்டென்றால் 148ஐ ஒரு வருடம் சும்மா விட மாட்டேன் என்றார். மாத்திரை வேண்டாம். கொழுப்பு எடுத்த பால். பொரித்தது வாரத்தில் ஒரு நாள். பிள்ளையைப் பட்டினி போடக்கூடாது. வளர்கிற உடம்பு, எடை இங்கேயே நின்று உயரம் ஏறினால் போதும். தினமும் ஒரு மணி நேரம் உடம்பு அசைய வேண்டும். ஆறு மாதத்தில் மறுபடி பார்க்கலாம். பாலுவும் இரத்தம் கொடுக்க வேண்டும்.

"அசைவது என்றால் நீச்சல்தானா? நடந்தால் ஆகாதா?" என்று கேட்டேன். அந்தச் சுவர் விஷயத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை. நடக்கலாம், ஆனால் தினமும் நடக்க வேண்டும், கூட யார் போவது என்றார் டாக்டர். நான் போகிறேன் என்றேன். வசந்தி என்னைத் திரும்பிப் பார்த்தாள். 

மீனா அன்றோடு ஏழாவது நாளாக என்னிடம் பேசவில்லை. நீச்சல் இல்லை என்று தெரிந்த பிறகும் பேசவில்லை. மறுநாள் பள்ளிவிட்டு வந்ததும் ஷூவை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். நான் கதவைப் பூட்டுவதற்குள் கிளம்பிவிட்டாள். எனக்குப் பத்து எட்டு முன்னால் நடந்தாள். நான் வேகமாகப் போனால் அவளும் வேகமாகப் போவாள். மூச்சு வாங்கி நான் நின்றால், திரும்பாமலே அவளும் நின்று ஏதாவது ஒரு மரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். இலையெல்லாம் உதிர்ந்துவிட்ட மரத்தில் பார்க்க ஒன்றும் இல்லை.

நூலகத்துக்கு எதிரே பெரிய சாலையைத் தாண்ட வேண்டும். நான் வலப்பக்கம் பார்த்துவிட்டு இறங்கினேன். இந்த ஊரில் வண்டி இடப்பக்கத்திலிருந்து வரும். ஆறு வருடமாகியும் என் கழுத்து அதைப் படிக்கவில்லை. ஒரு லாரி சத்தமாக ஹாரன் அடித்துப் போனது. நான் பின்வாங்கி நடைபாதையில் ஏறினேன்.

மீனா ஓரத்தில் நின்றிருந்தாள். என் பக்கம் திரும்பவில்லை. இடப்பக்கம் பார்த்தாள், வலப்பக்கம் பார்த்தாள், மறுபடி இடப்பக்கம் பார்த்தாள். பிறகு கையை மட்டும் பின்னால் நீட்டினாள்.